தேங்காயை உடைத்தபின் கரும்பலகை

பிளஸ் டூ தாவரவியலில் முதல் பாடத்திலேயே பலர் தடுமாறுகிறார்கள். பூவின் சூலுக்குள் அண்டத்தைத் தாங்கும் பையான கருப்பையில் ஏழு செல்கள், எட்டு உட்கருக்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதில் அண்டத்துக்குத் துணையாக நிற்கும் சினர்ஜிட் செல் எத்தனை மடியம், அதாவது எத்தனை குரோமோசோம் தொகுதி கொண்டது என்றால் ஆளுக்கொரு பதில் வரும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டியூஷன் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, தென்னை இல்லாத தெருவே அரிது. படம் வரையும் முன் தேங்காயை மேசையில் வைத்துவிடலாம்.

மூன்று பருவத்துக் காய்கள் வேண்டும்: ஆறேழு மாதக் கருக்கு (இளநீர்க் காய்), முற்றியது, முளைத்துச் சில மாதமானது. கருக்கின் தண்ணீர் என்பது செல்சுவர் எழாமல் உட்கருக்கள் மட்டும் பெருகிய கருவூண், அதாவது கருவுக்கான உணவுத் திசு. ஓரத்தில் படியும் வழுக்கை, சுவர் எழுந்து செல்களாகிவிட்ட கருவூண்.

முற்றிய காயைக் கதம்பை உரித்து நடுவில் குறுக்காகத் தட்டி உடைக்க வேண்டும். கண் பக்கம் தட்டினால் காண வேண்டியதே நசுங்கிவிடும். மூன்று கண்களில் ஒன்றுதான் மெதுவாக இருக்கும். அதற்கு நேர் உள்ளே பருப்பைச் சிறு கத்தியால் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவினால், சின்ன ஆணி மாதிரி வெள்ளையாகக் கரு தட்டுப்படும். சிரட்டை கனியின் உள்ளுறை, பருப்போடு ஒட்டிய பழுப்புத் தோல்தான் விதையுறை. இவை இரண்டையும் மாற்றி எழுதுவது வழக்கமான பிழை.

அதைவிட வழக்கமானது, முளைத்த காயிலுள்ள தேங்காய்ப் பூவைக் கருவூண் என்று எழுதுவது. அது விதையிலை; பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு ஊட்டுகிறது.

இனி கணக்கு. தென்னை வேரின் செல்லில் 32 குரோமோசோம்கள். அண்டம், சினர்ஜிட், கருப்பையின் மறுமுனையிலுள்ள எதிரடிச் செல் ஒவ்வொன்றிலும் பாதி, 16. நடுச்செல்லின் இரு துருவ உட்கருக்கள் இணைந்த இரண்டாம்நிலை உட்கருவில் 32, மகரந்தத்திலிருந்து வரும் ஆண் கேமீட்டின் (ஆண் இனச்செல்) 16 சேர்ந்ததும் பருப்பில் 48. தேங்காய்ப் பூவில் மறுபடி 32. மும்மடியம் என்ற சொல்லைக் கண்டதும், ஏற்கெனவே இரண்டு தொகுதியான 32ஐ மூன்றால் பெருக்கி 96 எழுதுபவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. கேள்வியில் தந்த எண் வேருடையதா, மகரந்தத்துடையதா என்று முதலில் அடிக்கோடிடப் பழக்கினால் இது நிற்கும். நீட்டில் தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவதால், இங்கே ஊகம் உதவாது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இன்னொன்றும் கேட்கும். ஒரு ஆண் கேமீட் அண்டத்தோடும் மற்றொன்று இரண்டாம்நிலை உட்கருவோடும் சேரும் இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டது, லில்லியம், ஃபிரிட்டிலாரியா என்ற லில்லிக் குடும்பச் செடிகளில். அவற்றின் கருவூண் ஐம்மடியமாமே? ஆமாம். அவற்றில் கருப்பையை உருவாக்கும் நான்கு பெருவித்து உட்கருக்களும் சிதையாமல் தங்குகின்றன. மூன்று, சூலின் அடிப்பக்கமான சலாசா பக்கம் ஒன்றாகக் கலப்பதால் அப்பக்கத்துத் துருவ உட்கருவே மும்மடியம். மறுமுனைத் துருவ உட்கருவும் ஆண் கேமீட்டும் சேர ஐந்து. பாடப்புத்தகத்துப் படம், ஒரே பெருவித்திலிருந்து கருப்பை உருவாகும் பாலிகோனம் வகை என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

கடைசியாகப் படம். தலைகீழாகப் பெயர் குறிப்பவர்களை, மகரந்தக்குழாய் நுழையும் சூல்துளையை முதலில் குறிக்கச் சொல்ல வேண்டும். அதை ஒட்டி அண்டமும் இரு சினர்ஜிட்களும், எதிர்முனையில் மூன்று எதிரடிச் செல்கள், நடுச்செல் கடைசியில். பென்சில் கூராக இருக்கட்டும். குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.