கச்சான் காற்றும் கச்சான் தாளும்

எங்கள் பட்டறைச் சுவரில் ஓர் ஈரப்பதமானி தொங்குகிறது. காலையில் கதவைத் திறந்து கைப்பையை மேசையில் வைக்கும் முன்பே என் கண் அதற்குத்தான் போகும். முள் 70க்குக் கீழே நின்றால் அன்று தாள் ஊற்றுவோம். அதைத் தாண்டி ஏறினால் பருப்பு பொறுக்குவது, தட்டுக் கழுவுவது, கணக்கு எழுதுவது என்று நாள் போய்விடும். ஒரு மார்கழியில் முள் 92இல் ஏறி மூன்று வாரம் இறங்கவேயில்லை.

தாள் என்று நாங்கள் சொல்வது, பொலித்தீனுக்குப் பதிலாகக் கச்சான் புரதத்தில் செய்யும் மென்படலத்தை. கச்சான் என்றால் மட்டக்களப்பில் இரண்டு. ஒன்று நிலக்கடலை. மற்றது, வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி எங்கள் பக்கம் இறங்கும்போது அதற்கு இந்தப் பெயர். பயிரை வாட்டுகிறது, உதட்டை வெடிக்க வைக்கிறது என்று ஊரே அதைத் திட்டும். எனக்கு அதைப் போல் நன்மை செய்த காற்று வேறு இல்லை.

2022 தை மாதம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் இரண்டு யானைகள் இறந்து கிடந்த செய்தி உலகம் முழுவதும் போனது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்த யானைகள் ஏறத்தாழ 20 என்றும், பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் இருந்தவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான் என்றும் அதில் இருந்தது. அந்தப் படத்தை வெட்டி ஈரப்பதமானிக்குக் கீழே ஒட்டி வைத்தேன். அப்போது இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம். விற்கக்கூடிய ஒரு தாளைக்கூட நாங்கள் செய்து முடித்திருக்கவில்லை.

படிக்கிற காலத்தில் நான் செய்த முதல் தாள், ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் உள்ளங்கையளவு பெத்திரிக் கிண்ணத்தின் அளவு. 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் புரதத்தைக் கரைத்து, சிறிது காரம் விட்டு பி.எச். பெறுமானத்தை (அமில, காரத் தன்மையின் அளவை) 9க்கு மேல் ஏற்றி, 80, 90 பாகையில் அரை மணி நேரம் சூடாக்கி, 2 கிராம் கிளிசரின் சேர்த்து ஊற்றி இரண்டு நாள் உலர விட்டால் போதும். புரத மூலக்கூறு சுருட்டிக் கட்டிய வலை போன்றது. சூடும் காரமும் அதை அவிழ்க்கின்றன. நீர் போகப் போக, விரிந்த வலைகள் ஒன்றோடொன்று சிக்கிப் படலமாகின்றன. கிளிசரின் அந்தச் சிக்கலுக்குள் புகுந்து கொஞ்சம் தளர்வு கொடுக்கும். அது இல்லாவிட்டால் தாள் அப்பளம்போல் நொறுங்கும். மெல்லிய தேன் நிறத்தில் கிண்ணத்திலிருந்து அது முழுதாக உரிந்து வந்தபோது வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

100 லீற்றர்ப் பாத்திரத்துக்கு வந்ததும் அதே குறிப்பு எங்களைக் கைவிட்டது. இரட்டைச் சுவருக்குள் நீராவி ஓடும் பாத்திரம் அது. சுவரை ஒட்டிய கரைசல் கட்டிபட்டுக் கருகும். நடுவில் உள்ளது கை வைக்கும் சூட்டில்தான் இருக்கும். கலக்கும் வேகத்தைக் கூட்டினால் நுரை பொங்கியது. நுரை அடங்காமல் ஊற்றிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் கண் கண்ணாகத் துளைகள். இரண்டு மாதம் வெப்பநிலையை மாற்றினேன், காரத்தை மாற்றினேன், புத்தகம் புரட்டினேன். பருப்பு பொறுக்கும் பெரியம்மா ஒருநாள் என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “தொதல் கிண்டுகிறவர் அகப்பையை அடியிலிருந்து எடுப்பாரா மகள்?” தொதல் என்பது அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் இனிப்பையும் அடிபிடிக்காமல் கிண்டிச் செய்யும் பண்டம்.

எங்கள் கலக்கி பாத்திரத்தின் நடுவில், மேலே சுழன்றுகொண்டிருந்தது. கல்முனையில் ஒட்டுவேலை செய்யும் ஒருவரிடம் போய், அடியையும் சுவரையும் வழித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும் ஓர் இரும்புக் கரத்தைச் செய்வித்தோம். ஒரு நிமிடத்துக்கு 20 சுற்று. கருகலும் நின்றது, நுரையும் பெருமளவு குறைந்தது. பெரியம்மா இந்தக் கடற்கரையில் நாற்பது வருடமாகத் தொதல் கிண்டியவர். அவருக்குத் தெரிந்ததைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் இந்த வேலையின் முழுப் பாரமும் நீரில்தான் இருக்கிறது. 100 கிலோ கரைசலில் 5 கிலோ புரதம், 2 கிலோ கிளிசரின், மீதி 93 கிலோ நீர். ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிற் சக்தி வேண்டும். கொஞ்சம் ஈரம் மிஞ்சிய ஏழரைக் கிலோ தாளுக்காக 60 யூனிற்றுக்கு மேல் நீருக்கே கொடுக்கிறோம், அதுவும் ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால். கிண்ணத்தில் ஊற்றிய 20 மில்லிலீற்றர் இந்தக் கணக்கைக் காட்டவேயில்லை. அதை அறைக் காற்று இலவசமாகக் கொண்டுபோயிருந்தது. கரைசலைக் கெட்டியாக்கினால் நீர் குறையும், ஆனால் களிபோலாகித் தட்டில் பரவாது. பெரிய தொழிற்சாலைகளில் கரைசல் செய்யாமல், புரத மாவையும் கிளிசரினையும் கொஞ்ச நீரோடு பிசைந்து சூட்டில் அழுத்தித் தள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். அளவைப் பெருக்க அதுதான் நேரான வழி. அந்த இயந்திரத்தின் விலை எங்கள் பட்டறையின் விலையைவிட அதிகம்.

மின்சாரத்தை நம்பி உலர்த்திய காலம் 2022 பங்குனியோடு முடிந்தது. நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. 40 தட்டுகள் பாதி ஈரத்தோடு உலர்த்தியில் நின்றுவிட்டன. மூன்றாம் நாள் திறந்தபோது எல்லாத் தட்டிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம், அதன் மேல் எறும்பு. ஆறு பேர் சேர்ந்து அதைச் சுரண்டிக் கொட்டினோம். யாரும் பேசவில்லை.

வழி காட்டியவர் சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர். அவரிடம் முன்பு தவிடு கேட்டுப் போயிருந்தேன், கச்சானுக்குப் பதில் தவிட்டுப் புரதம் எடுக்கலாம் என்று. பச்சை அரிசித் தவிட்டில் இருக்கும் நொதியம் எண்ணெயைச் சில நாட்களிலேயே காறல் ஏற்றிவிடும். புழுங்கல் அரிசித் தவிடு காறாது. ஆனால் அவித்த சூட்டில் புரதம் இறுகிக் காரத்தில் கரைய மறுக்கும். இரண்டும் உதவவில்லை. இரண்டாம் முறை போனபோது அவர், “தவிட்டை விடுங்கள் தங்கச்சி, உமி மலையாகக் கிடக்கிறது, அதைக் கொண்டுபோங்கள்” என்றார். நெல் அவிக்க அவர் எரிக்கும் அதே உமிதான். இப்போது எங்கள் உலர்த்திக்கு உமி அடுப்பிலிருந்து சூடான காற்று வருகிறது. ஒரு தடவை ஊற்றினால் ஐந்தாறு சாக்கு உமி செல்லும். காற்றாடிக்கு மட்டும் மின்சாரம். கச்சான் வீசும் மாதங்களில் அதில் பாதி உமியே போதும், வெளிக்காற்று ஏற்கெனவே காய்ந்து வருவதால்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்ய நினைத்தது சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற். 2017 புரட்டாதியில் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடை செய்தபின் எல்லோருடைய கண்ணும் அதில்தான் இருந்தது. புழுங்கல் அரிசிச் சோற்றையும் மீன் ஆணத்தையும் எங்கள் தாளில் சுற்றி மேசையில் வைத்தோம். இருபது நிமிடத்தில் தாள் வழுவழுத்தது. தூக்கியபோது அடி கழன்று ஆணம் மேசையில் ஓடியது. அதைவிடப் பெரிய காரணம், கச்சான் ஒவ்வாத ஒருவருக்கு அது உயிராபத்து. தன் மதியச் சாப்பாடு எதில் சுற்றியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றே அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். அதை நான் ஒருபோதும் நினைத்து வருந்தியதில்லை.

1950களில் ஸ்கொட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் ஐ.சி.ஐ. நிறுவனம் கச்சான் புரதத்திலிருந்து ‘ஆடில்’ என்ற நூலைப் பெரிய ஆலையில் செய்து விற்றது. கம்பளிபோல் மென்மையான நூல். நனைந்தால் அதன் வலு போய்விடும். அந்த ஆலை பத்தாண்டு தாங்கவில்லை. நீரில் பிறந்த பொருள் நீரைக் கண்டால் இளகத்தான் செய்யும். ஃபோமல்டிகைட்டு சேர்த்தால் சிக்கல் இறுகும், நீர் தாங்கும். மண்ணுக்குள் போகப் போகும் பொருளில் அந்த நஞ்சைச் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. உலர்ந்த தாளை 95 பாகையில் ஓர் இரவு வைத்தால் சற்றுக் குறைவாக, ஆனால் அதே திசையில் பலன் கிடைக்கிறது. அதைத்தான் செய்கிறோம்.

வாவி எங்கள் பின்வேலியிலிருந்து நானூறு அடி. கச்சான் மாவிலிருந்து புரதத்தைப் பிரிக்க, ஒரு கிலோவுக்கு 10 லீற்றர் நீர் ஊற்றிக் காரத்தில் கரைத்து, பிறகு அமிலத்தால் பி.எச். பெறுமானத்தை 4.5க்குக் கொண்டுவந்து படிய வைக்கவேண்டும். புரதம் தயிர்போல் அடியில் இறங்கும். மேலே நிற்பது மஞ்சள் நிறக் கழிவுநீர்: உப்பு, சீனி, கரைந்த மீதிப் புரதம். அதை வாவியில் விட்டால் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். விடியற்காலையில் தோணியில் இறால் பிடிக்கிறவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? காரமாகப் பயன்படுத்திய சோடியம் ஐதரொட்சைட்டை விட்டுப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக்கு மாறினோம். விலை கூட. ஆனால் ஐதரோகுளோரிக்கமிலத்தோடு சேர்ந்து அது கொடுக்கும் உப்பு பொட்டாசியம் குளோரைட்டு, தென்னைக்குப் போடும் எம்.ஓ.பி. உரம் எதுவோ அதே பொருள். கழிவுநீரை நடுநிலையாக்கி, நீர் கலந்து, பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்குக் கொடுக்கிறோம். சக்கை மாட்டுக்குப் போவதில்லை. உடைந்த, சுருங்கிய பருப்பில்தான் அஃப்ளடொக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சணம் அதிகம். பெரியம்மாவின் விரல்கள் ஒவ்வொரு பருப்பாகப் பிரித்துக் கறுத்ததை ஒதுக்கினாலும், அதைப் பாலுக்குள் போகவிட எனக்குத் துணிவில்லை. பொறுக்குகிற எல்லோரும் முகக்கவசம் போடவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதும் இல்லை.

லஞ்ச் சீற் போனபின் நாற்றுப் பைக்கு வந்தோம். களுதாவளையில் வெற்றிலையும் மரக்கறியும் செய்யும் ஒருவர் நூறு பை வாங்கி மிளகாய் நாற்று வைத்தார். அவருடைய மணல் தோட்டத்தில் துரவிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் அள்ளி ஊற்றவேண்டும். நான்காம் நாளே பை பிய்ந்தது. சூட்டில் இறுக்கிய அடுத்த தொகுதி 16 நாள் நின்றது. மிளகாய் நாற்று பிடுங்கி நட 25 நாளுக்குமேல் ஆகும். மீதி ஒன்பது நாளை எப்படிப் பிடிப்பது என்று ஒரு வருடம் மண்டையை உடைத்தேன். தேன்மெழுகு பூசிப் பார்த்தேன், தடிப்பைக் கூட்டிப் பார்த்தேன்.

அவர்தான் சொன்னார்: “மிளகாயை விடுங்கள் மகள். பாகலுக்குத் தாருங்கள், புடோலுக்குத் தாருங்கள். அவை இரண்டு கிழமையில் நடுகிற கன்றுகள். வேரைத் தொட்டால் வாடிவிடும். கறுப்புப் பையைக் கிழித்து எடுக்கும்போது எனக்குப் பத்துக்கு இரண்டு கன்று போகிறது.”

ஆனியில் அவர் தோட்டத்துக்குப் போனேன். பதினைந்தாம் நாள் பாகல் கன்று ஒன்றைப் பையோடு தூக்கிக் காட்டினார். பையின் அடி சவ்வுபோல் மெலிந்திருந்தது; அதைத் துளைத்துக்கொண்டு ஏழெட்டு வெள்ளை வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்தார். எங்கள் பை கறுப்புப் பையைவிட மூன்று மடங்கு விலை. அதை நான் சொல்லத் தொடங்கியபோது, செத்துப்போகிற கன்றின் விலையையும் பை கிழிக்க நிற்கும் ஆளின் கூலியையும் விரல் விட்டு எண்ணி, தனக்குக் கட்டும் என்றார்.

பருவமும் பொருந்தி வருகிறது. கச்சான் வீசும்போது ஊற்றி, தகரப் பெட்டிகளில் காற்றுப் புகாமல் அடைத்து, மாரிக்கு முன் தோட்டங்களுக்குக் கொடுத்துவிடலாம். பெட்டி சரியாக மூடாவிட்டால் ஈரத்தில் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எலியும் தின்னும். அவர் இந்தமுறை 3,000 பை கேட்டிருக்கிறார். ஒரு குறை மட்டும் சொன்னார், அடியில் தண்ணீர் தேங்குகிறதாம். உமி அடுப்பில் ஆணியைக் காய்ச்சி ஒவ்வொரு பையிலும் நான்கு துளை போடுகிறோம். இன்று மாலைவரை 640 முடிந்திருக்கிறது.