ஈசிஆர் ரிசார்ட்டுகளில் கடல் எவ்வளவு தூரம்?

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம் தாண்டியும் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ரிசார்ட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. வெப்சைட் போட்டோவைப் பார்த்தால் எல்லா அறையிலும் அலை வந்து கட்டில் காலை நனைத்துவிட்டுப் போகும் போலிருக்கும். நேரில் பல இடங்களில் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே புல்வெளி, சவுக்கு, ஒரு கேட், அப்புறம் கால் பொரியும் மணல். காரணம் இருக்கிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் உச்ச அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்றது (பிற்பாடு திருத்தங்கள் வந்தன). அதற்கு முன்பே கட்டிய பழைய ரிசார்ட்டுகள் சில மட்டும் மணலை ஒட்டி நிற்கும், அறைகள் கொஞ்சம் பழசு. புது அறை வேண்டுமா, கிட்டே கடல் வேண்டுமா என்று கேட்டால் என் ஓட்டு கடலுக்குத்தான்.

'சீ வியூ' என்று கூடுதல் காசு கேட்டால், கட்டிலில் இருந்து தெரியுமா, பால்கனியில் நின்றால்தானா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நான் தங்கிய ஓரிடத்தில் பால்கனியின் இடது மூலைக்குப் போய்க் கழுத்தை நீட்டினால், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் இடையே நீலமாக ஒரு கோடு. ரூம் பாய் அதைக் கொஞ்சமும் சிரிக்காமல் காட்டினார்.

தாழ்ப்பாளிலும் ஷவரிலும் துரு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஆனால் ஏசி ஓடி அரைமணி ஆகியும் மெத்தை விரிப்பு பிசுபிசுவென்று ஈரமாகவே இருந்தால் அறையை மாற்றச் சொல்லலாம், தயங்க வேண்டாம். சில இடங்களில் குழாய்த் தண்ணீரே உப்பு, சோப்பு நுரைக்காது.

பெரும்பாலும் பொழுது போவது நீச்சல் குளத்தில்தான். வங்கக் கடலில் இந்தப் பக்கம் இழுப்பு அதிகம், முழங்கால் தாண்டினாலே காவலாளி விசில் ஊதுவார், ஊதட்டும். குளத்தில் பருத்தி உடைக்கு அனுமதி கிடையாது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, வீட்டில் இருந்து டி-ஷர்ட்டும் சுடிதாருமாகக் கிளம்பி வந்த குடும்பம் மொத்தமும் கரையில் உட்கார்ந்து குழந்தைகளை வேடிக்கை பார்க்கும். நைலான் உடை எடுத்துப் போங்கள். குளம் எத்தனை மணிக்கு மூடும் என்றும் கேளுங்கள், இருட்டியதும் மூடுகிற இடங்கள் நிறைய.

இது கிழக்குக் கடற்கரை, கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. சாயங்கால போட்டோ ஆசையில் வருபவர்கள் விடியற்காலைக்கு அலாரம் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், வாடகையில் பேரம் பேச இடம் உண்டு.

பேரம் பேசும்போது வரியையும் சேர்த்துப் பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7500 ரூபாய் அறை வரியோடு 7875, வெறும் நூறு ரூபாய் கூடுதலான 7600 ரூபாய் அறை 8968.