சத்தத்துக்குச் சொன்ன விளக்கம்

கொதிகலன் உறுப்புகளும் அழுத்தக் கலன்களும் செய்யும் பட்டறைகளில் தரச் சோதனையாளனாக 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலையில் கண்ணையும் கருவியையும் போலவே காதையும் பழக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த சோதனையாளர். ஹைட்ரோ டெஸ்ட் நடக்கும்போது, அதாவது கலனில் காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பம்பால் ஏற்றி நிறுத்தும்போது, அவர் யாரையும் பேச விடமாட்டார். பக்கத்தில் கிரைண்டிங் நடந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுவார். மற்றவர்கள் எல்லாரும் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

2023 ஜூன் 18 அன்று வட அட்லாண்டிக்கில், டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க இறங்கிய ‘டைட்டன்’ என்ற சிறு நீர்மூழ்கிக் கலம் ஐந்து பேருடன் நொறுங்கிய செய்தி வந்தபோது, என்னைப் போன்றவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கார்பன் இழையைப் பற்றித்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் விசாரணை அறிக்கையை வெளியிட்ட பிறகு, அதில் என் மனம் வேறொன்றில் போய் நின்றது. அந்தக் கலம் பல ஆண்டுகளாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் கேட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார், அத்தோடு வேலை தொடர்ந்திருக்கிறது.

எங்கள் பட்டறைகளில் அழுத்தத்தைக் ‘கிலோ’ என்றே சொல்வோம்; ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ என்பது கணக்கு. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் அது 390 கிலோவை ஒட்டி வரும். ஆனால் எண்ணைவிட முக்கியமானது திசை. நாங்கள் செய்த கலன்களில் அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளும், சுவர் இழுபடும். கடலுக்குள் இறங்கும் கலத்தில் அது வெளியேயிருந்து உள்ளே நசுக்கும். கார்பன் இழையின் பெருமையெல்லாம் இழுவையைத் தாங்குவதில் இருக்கிறது. நசுக்கும்போது இழைகளை வளையாமல் நேராகப் பிடித்து நிறுத்த வேண்டியது அவற்றுக்கிடையே உள்ள பிசின்தான். அந்தப் பிசினில் ஒரு வெற்றிடமோ, இழை அடுக்கில் ஒரு சுருக்கமோ இருந்துவிட்டால், அந்த இடத்தில் இழை வளையத் தொடங்கி, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். எஃகு சில சமயம் நெளிந்து காட்டிவிட்டு உடையும். இப்படிப்பட்ட அடுக்குப் பொருள் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளுக்குள் சேதத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும்.

டைட்டனின் உடல் ஐந்து அங்குலத் தடிமன் உள்ள கார்பன் இழை உருளை. இரு முனைகளிலும் டைட்டானியம் வளையங்களைப் பசையால் ஒட்டி, அவற்றில் டைட்டானியக் குவிமாடங்களைப் பொருத்தியிருந்தார்கள். ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் இதைப் புதுமை என்றார். புதிய பொருளை முயன்று பார்ப்பதில் தவறில்லை, நானும் அதை மறுக்கவில்லை. அந்தப் புதுமையைச் சோதிக்கும் அதிகாரத்தையும் அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டதுதான் என் போன்றோருக்கு உறுத்துகிறது.

அந்த நிறுவனத்தில் கடல்சார் பணிகளின் இயக்குநராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018 ஜனவரியில் ஒரு தரச் சோதனை அறிக்கை எழுதினார். கலத்தின் முன்பக்கப் பார்வைச் சாளரத்துக்கு 1,300 மீட்டர் வரைதான் தயாரிப்பாளரின் சான்று இருந்தது. கலம் இறங்க வேண்டியதோ அதைப் போல மூன்று மடங்கு ஆழம். உருளையின் உள்ளே வெற்றிடங்களோ அடுக்குப் பிரிவுகளோ இருக்கின்றனவா என்று ஊடுருவிச் சோதிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவ்வளவு தடிமனுக்கு அப்படிப்பட்ட சோதனை சாத்தியமில்லை, பதிலாக உடலில் பொருத்திய ஒலி உணரிகள் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று பதில் வந்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் அவர் தரப்பு கூறியது. உணரி எச்சரிப்பதற்கும் கலம் நொறுங்குவதற்கும் இடையே சில மில்லிவினாடிகளே இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பணியிடப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுத்தார். நிறுவனம் அவர்மீது வழக்குப் போட்டது. முடிவில் வழக்கும் புகாரும் சமரசத்தில் கரைந்தன. அந்தப் புகாரை அரசுத் துறை வேகமாகக் கையாளாமல் விட்டதைக் காவல்படையின் அறிக்கையும் கைநழுவிய வாய்ப்பாகவே குறிப்பிடுகிறது.

சோதனையாளனின் சம்பளத்தை உற்பத்தி மேலாளர் தீர்மானிக்கும் இடத்தில் நானும் வேலை செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் ‘முடியாது’ என்று எழுதுவது எவ்வளவு கனமான வேலை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கொதிகலன்களுக்கு வெளியேயிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். எங்கள் லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவருடைய கவலை இல்லை. ஆழ்கடல் கலங்களுக்கும் டி.என்.வி., ஏ.பி.எஸ்., லாய்ட்ஸ் போன்ற வகைப்பாட்டு அமைப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. ஓஷன்கேட் அவர்களிடம் சான்று பெறவில்லை. 2018 மார்ச்சில் இத்துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் ரஷ்ஷுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைத் தயாரித்தார்கள். சான்று பெறும் நடைமுறை புதுமையைத் தாமதப்படுத்துகிறது, நீர்மூழ்கி விபத்துகளில் பெரும்பாலானவை இயக்குபவரின் தவறால் வருகின்றனவே ஒழியக் கருவிக் கோளாறால் அல்ல என்று 2019இல் நிறுவனம் தன் பக்கத்து நியாயத்தை எழுதி வெளியிட்டது. தடுப்பூசி போட்ட ஊரில் அம்மையே வரவில்லை, ஆகையால் தடுப்பூசி எதற்கு என்று கேட்பது போன்ற வாதம் அது. சான்று பெற்ற கலங்களில் கருவிக் கோளாறு அரிதாக இருப்பதற்கே அந்தச் சான்றுதானே காரணம்? புதுமைக்குச் சான்று தடை என்பதும் உண்மையில்லை. டி.என்.வி. சான்று பெற்ற ‘லிமிட்டிங் ஃபேக்டர்’ என்ற தனியார் கலம், 90 மில்லிமீட்டர் தடிமன் உள்ள டைட்டானியக் கோளத்துடன், அதே 2019இல்தான் மரியானா அகழியின் அடியைப் பலமுறை தொட்டுத் திரும்பியது.

இனிச் சத்தங்களுக்கு வருகிறேன். முதல் உருளை ஆழத்தில் வெடிப்பொலிகளை எழுப்பியபோது, புதிய பொருள் பக்குவப்படுகிறது என்று ரஷ் சொல்லிவந்தார். புது மண்சட்டியை நாம் பழக்குவோமே, ஏறக்குறைய அந்த அர்த்தத்தில். 2019 ஏப்ரலில் பஹாமாஸ் அருகே அவருடன் இறங்கிய கார்ல் ஸ்டான்லி, தானும் ஒரு நீர்மூழ்கிக் கலத்தைக் கட்டி இயக்குபவர், இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ள குறையை அழுத்தம் பதம்பார்ப்பது போன்ற ஒலி அது என்று ரஷ்ஷுக்கு எழுதினார். சில வாரங்களில் அந்த உருளையில் விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் பருவத்தின் டைட்டானிக் பயணத்துக்குக் கலத்தை அனுப்ப மறுத்த பொறியியல் இயக்குநரும் வேலையை இழந்தார். புதிய உருளை செய்தார்கள். டைட்டானியப் பகுதிகளை மட்டும் பழையதிலிருந்து எடுத்து மாட்டினார்கள்.

இரண்டாவது உருளை 2022 ஜூலை 15 அன்று, இரு உருளைகளையும் சேர்த்துக் கலத்தின் எண்பதாவது முழுகலிலிருந்து மேலே வரும்போது, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி பலமாக ஓர் ஓசை எழுப்பியது. கலம் தன்னைத் தாங்கும் சட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்ததால் வந்த ஓசை அது என்று விளக்கம் தரப்பட்டது.

இந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே விளக்கத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், நானும் ஒருநாள் கேட்டிருக்கிறேன்; கேட்டு ஏற்றுக்கொண்டும் இருக்கிறேன்.

அது மாதக் கடைசி. பெரிய கலன் ஒன்று சேடில் என்ற தாங்கியின் மீது படுத்திருந்தது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் டிரெய்லர் முந்தைய நாளே வந்து நின்றுவிட்டது. ஹைட்ரோ டெஸ்டில் அழுத்தம் 40 கிலோவைத் தாண்டியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரே ஒரு முறை. நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல சார், தண்ணி வெயிட்டு, சேடில்ல உக்காருது” என்றார். அப்படி நடக்கக்கூடியதுதான், பொய்யான விளக்கம் என்று சொல்லிவிட முடியாது. முழு அழுத்தத்துக்கு ஏற்றினோம். முள் அரை மணி நேரம் அசையவில்லை, எங்கும் கசிவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மூத்தவர் மறுநாள் காலை வந்தார். சத்தத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் நானேதான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, அந்த ஃபோர்மேன் சேடிலக் குனிஞ்சு பாத்தாரா?”

அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சேடில் இம்மியும் நகராமல் இருந்தது. அடிப் பெயிண்ட்கூட உரசியிருக்கவில்லை. பிறகு நாஸில்கள், அதாவது குழாய் பொருத்தும் வாய்கள், கலனோடு சேரும் வெல்டிங்குகள் அனைத்திலும் சாயம் தடவிச் சோதித்தோம். விரிசலில் நின்ற சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் பூச்சின் மேல் சிவப்பாய் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது. விரிசல் சுவரை முழுதும் கடக்காததால்தான் கசியவில்லை. தோண்டி எடுத்து, மீண்டும் வெல்டிங் செய்து, மீண்டும் சோதித்து அனுப்ப ஒன்பது நாள் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகையால்தான் இதை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டைட்டன் செய்தியைப் படிக்கும் எவருக்கும் தன்னை லாக்ரிட்ஜின் இடத்தில் வைத்துப் பார்க்கவே மனம் வரும். எனக்கு அந்த வசதி இல்லை. விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்களில் ஒருவனாகத்தான் என்னைப் பார்க்க முடிகிறது. விளக்கம் எப்போதும் அவசரத்தில் இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. கேட்பவருக்கும் அது தேவையாய் இருக்கிறது.

எண்பதாவது முழுகலுக்குப் பிறகு குனிந்து பார்க்க அவர்களிடம் வழி இருந்தது என்பதுதான் இதில் வேதனை. உடலில் ஒட்டியிருந்த, அழுத்தத்தில் சுவர் எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் ஸ்டிரெயின் கேஜ்களின் அளவுகள் அந்த ஓசைக்குப் பின் மாறியிருந்தன. உருளையின் போக்கே வேறாகிவிட்டதை அவை காட்டின. அடுக்குகள் அப்போதே பிரிந்திருக்கின்றன என்று விபத்துக்குப் பின் ஆராய்ந்தவர்கள் அந்த அளவுகளை வைத்தே கண்டுகொண்டார்கள். தகவல் நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதைப் படித்து ‘நிறுத்து’ என்று சொல்லக்கூடிய அனுபவமும் துணிவும் உள்ளவர்கள் அதற்குள் வெளியேறியிருந்தார்கள்; கேள்வி கேட்டால் வேலை போகும் என்ற அச்சத்தை அங்கே வளர்த்துவைத்திருந்தார்கள் என்று அறிக்கை சொல்கிறது. கலம் அதே பருவத்தில் மீண்டும் டைட்டானிக் வரை போய் வந்தது. போய் வந்ததே அது நன்றாக இருப்பதற்கான சான்றாகவும் ஆனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், திறந்த வெளி வண்டி நிறுத்துமிடத்தில், பனியிலும் உறைகுளிரிலும் கிடந்தது.

ரஷ் தானே அதில் ஏறிப் போனாரே, நம்பாமலா ஏறினார் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நம்பித்தான் ஏறியிருப்பார். பேருந்து ஓட்டுநரும் அதே பேருந்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதற்காக யாரும் பிரேக்கைச் சோதிக்காமல் விடுவதில்லை. வடிவமைத்தவர், அனுமதித்தவர், இருக்கையை 2,50,000 டாலருக்கு விற்றவர், ஓட்டியவர் எல்லாம் ஒரே ஆளாக இருந்துவிட்டால், அவர் மனதில் எழும் சந்தேகத்தைக் கேட்கக்கூட இன்னொரு ஆள் இருக்கமாட்டார். கூட ஏறியவர்களைப் பயணிகள் என்று சொல்லாமல் ‘பணி நிபுணர்கள்’ என்று பெயரிட்டு அழைத்தார்கள்; பயணிகளை ஏற்றும் கலத்துக்குரிய விதிகளிலிருந்து விலகி நிற்க அந்தப் பெயர் உதவியது. டைட்டானிக்குக்கு 37 முறை இறங்கிய போல் ஆன்ரி நார்ஜோலே அவர்களில் ஒருவர். அவர் பெயரைப் பட்டியலில் பார்த்துத் தைரியம் அடைந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 19 வயது சுலைமான் தாவூத் தன் தந்தையுடன் ஏறினார். அந்த வயதில் ஒருவரிடம் போய் ஸ்டிரெயின் கேஜ் கணக்கைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசி முழுகல் அன்று துணைக்கப்பலான ‘போலார் பிரின்ஸ்’இல் எடுத்த ஒரு காணொளியைக் காவல்படை 2025இல் வெளியிட்டது. தகவல் தொடர்புக் கருவியின் முன் ரஷ்ஷின் மனைவி அமர்ந்திருக்கிறார். கடலுக்கடியிலிருந்து கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம் வருகிறது. அது என்ன சத்தம் என்று அவர் கேட்கிறார். சில நொடிகளில் திரையில் டைட்டனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தெரிகிறது: இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டோம். சத்தத்துக்கு முன்பே கலத்திலிருந்து கிளம்பிவிட்ட செய்தி அது. கருவியின் வழியாக வந்து சேர ஒலியைவிடக் கூடுதல் நேரம் பிடித்திருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. செய்தி வந்துவிட்டது, ஆகவே கீழே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். முள் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பேனாவை எடுத்த அந்த மாதக் கடைசியில் எனக்கு வந்த நிம்மதியும் அதேதான்.