கப்பல், கழுகு, மறுபடியும் கப்பல்

லண்டனில் முதுகலை படித்த நாட்களில் வாரத்துக்கு மூன்று மாலை ரோதர்ஹைத்தில் இருக்கும் மேஃபிளவர் பப்பில் வேலை பார்த்தேன். தேம்ஸின் தென்கரை. கட்டடத்தின் பின்புறம் ஆற்றின்மேல் நீண்டிருக்கும் மரத்தளத்திலும் மேசைகள் உண்டு. ஓதம் ஏறும் நேரத்தில் பலகை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் தெறித்துப் பரிமாறுகிறவரின் காலை நனைக்கும். குவளைகளை ஏந்தியபடி அங்கே நடக்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருந்தது: "மேஃபிளவர் யாத்திரிகர்கள் இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டார்களா?" 1620இல் மேஃபிளவர் என்ற கப்பலில் அமெரிக்கா போய்க் குடியேறிய ஆங்கிலேயர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆமாம் என்று சொல்லிவந்தேன். ஒரு நாள் கணப்படுப்புக்குப் பக்கத்தில் வழக்கமாக அமரும் முதியவர் என்னை அருகே அழைத்தார். "தம்பி, அந்தக் கப்பல் போனபோது இந்தச் சுவர் எதுவும் இல்லை" என்றார். அவர் அழைத்த தொனியைத் தமிழில் 'தம்பி' என்றுதான் எழுத முடியும். அவருடைய தந்தை சர்ரே துறைமுகத்தில் தோளில் மரப்பலகை சுமந்தவர். அந்தத் துறைமுகம் 1970இல் மூடப்பட்டுவிட்டது.

கதையை அவர்தான் சொன்னார். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிருந்த மதுக்கடைக்கு 'ஷிப்', அதாவது கப்பல், என்று பெயர். 1780 வாக்கில் புதிதாகக் கட்டியபோது 'ஸ்ப்ரெட் ஈகிள் அண்ட் கிரவுன்' ஆயிற்று: சிறகு விரித்த கழுகும் மகுடமும். 'மேஃபிளவர்' 1957இல்தான் வந்தது. மேஃபிளவர் கப்பலின் மாதிரியாக இங்கிலாந்தின் டெவனில் புதிதாகக் கட்டிய கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போன ஆண்டும் அதுவே. அமெரிக்கப் பயணிகளுக்காக அந்நாட்டுத் தபால்தலைகளையும் விற்கும் பப் இது. ஆகவே பயணிகளைக் கவரச் சூட்டிய பெயர் என்றே முதலில் நினைத்தேன்.

அந்த எண்ணத்தைப் பிறகு மாற்றிக்கொண்டேன். கப்பல் 1620 கோடையில் இந்தக் கரையிலிருந்து கிளம்பியது உண்மை. பெருங்கடலை நோக்கிப் புறப்பட்டது செப்டம்பரில், பிளிமத்திலிருந்து. ஆனால் அதன் மாலுமித் தலைவர் கிறிஸ்டோபர் ஜோன்ஸ் ரோதர்ஹைத்வாசி. மறு ஆண்டு திரும்பி வந்து, 1622இல் இறந்து, பப்புக்கு எதிரிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் அடக்கமானார். 1624இல் கப்பலை மதிப்பிட்டபோது தேறியது சுமார் 128 பவுண்டு. யாத்திரிகர்களை ஏற்றுவதற்கு முன்பு அது பிரான்சிலிருந்து ஒயின் கொண்டுவந்த சரக்குக் கப்பல் என்று படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. மதுக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? கேட்கிறவர்களிடம் ஜோன்ஸைப் பற்றித்தான் முதலில் சொல்லத் தொடங்கினேன். சிலர் குவளையை அப்படியே வைத்துவிட்டு ஆலயத்தைப் பார்க்கப் போனார்கள்.

என் அறை எதிர்க்கரையில், வாப்பிங்கில். வேலை முடிந்ததும் ஒரே ஒரு நிறுத்தம் ரயிலில் போவேன். 1843இல் திறக்கப்பட்ட தேம்ஸ் சுரங்கம் வழியாக, ஆற்றுக்கு அடியில். அந்தக் கரையிலும் பெயர் மாறிய பப் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் 'பெலிக்கன்'. கடத்தல்காரர்களும் திருடர்களும் கூடியதால் 'டெவில்ஸ் டேவர்ன்', பிசாசின் மதுக்கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்பிடித்த பிறகு 'ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி'. விட்பி, வடக்கே யார்க்‌ஷயர் கரையில் உள்ள துறைமுகம். 'ப்ராஸ்பெக்ட்' என்ற நிலக்கரிக் கப்பல் இந்தக் கடையை ஒட்டியே நங்கூரமிடுமாம். அதை அடையாளம் சொல்லிச் சொல்லியே கடைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கரி ஏற்றிவந்த கப்பலைப் பிசாசுக்குப் பதிலாக வாசலில் ஏற்றிவைத்த அந்தக் கரைவாசிகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

முதியவர் கடைசிவரை எங்கள் பப்பை 'ஈகிள்' என்றுதான் சொன்னார். 1957இல் தனக்கு இருபது வயது, நாக்கு அதற்குள் பழகிவிட்டது என்பார். நான் வேலையை விட்ட அன்று மாலை, பாஸ்டனிலிருந்து வந்த தம்பதி தபால்தலை வாங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜோன்ஸின் கதையை அவரே சொன்னார், என்னைவிட நன்றாகவே. அவர்களிடம் பேசும்போது ஒவ்வொரு முறையும் 'மேஃபிளவர்' என்றார். பேச்சுக்கு நடுவே அவருடைய மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

"ஈகிளில்தான்" என்றார்.