ரயிலுக்கு ஒரு சிரிப்புப் புத்தகம்

மே 6, செவ்வாய்

சனிக்கிழமை காலை காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் பிடிக்கிறோம். ஞாயிறு அன்று அக்கா மகளுக்கு வளைகாப்பு. நான், அத்தை, என் பையன் என்று மூன்று பேர். வளையல், சீர்த்தட்டு, கட்டுச்சோறு எல்லாம் அத்தை பார்த்துக்கொள்கிறார். வழியில் படிக்கப் புத்தகம் எடுத்துவைப்பது என் வேலை.

ராத்திரி அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். கை முதலில் பொன்னியின் செல்வனுக்குத்தான் போனது. ஆனால் அது ஐந்து பாகம். யாருக்கு யார் உறவு, யார் எந்தப் பக்கத்து ஆள் என்று மனதில் பிடித்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கதை. ஊர் வந்துவிட்டது என்பதற்காக வந்தியத்தேவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு மூட்டையைத் தூக்க மனசு வராது. அடுத்து ஒரு சிறுகதைத் தொகுப்பு. அருமையான எழுத்து. ஆனால் ஒவ்வொரு கதையும் படித்து முடித்தால் அரை நாளுக்குப் பேச்சு வராது. வளைகாப்புக்குப் போகும் வழியில் அது வேண்டாம்.

சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். சிரிப்புக் கதை என்றாலே ஒரு படி கீழே வைக்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. ஒரு சாவை வைத்து அழவைத்துவிடலாம். சிரிக்கவைக்க ஒவ்வொரு வாக்கியமும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும், ஒரு சொல் கூடினாலும் கெட்டுவிடும்.

மே 7, புதன்

அலுவலகம் முடிந்து மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். அக்னி நட்சத்திரம், ஐந்தரை மணிக்கும் வேலூர்த் தெருக்களில் அனல் அடங்கவில்லை. உள்ளே மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை கிடைத்தது. மூன்று புத்தகங்களை எடுத்துவந்து பரப்பினேன்.

முதலில் தேவனின் துப்பறியும் சாம்பு. 1940-களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். ஊரே அசடு என்று சொல்லும் வங்கிக் குமாஸ்தா ஒருவர், தெரியாத்தனமாக எதையாவது செய்துவைக்க, அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைச் சாம்புவின் மூளை என்று நம்புவார். ஒவ்வொரு கதையும் தனிக்கதை. எந்த ஸ்டேஷனில் எடுத்தாலும் சரி, எங்கே மூடினாலும் சரி.

அடுத்து அப்புசாமி-சீதாப்பாட்டி கதைகள். எழுதியவர் ஜ.ரா. சுந்தரேசன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டார். சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் அவருடைய ஊர். நம் வண்டி சேலம் வழியாகத்தானே போகிறது, அதற்காகவே எடுக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது, எழுத்தாளர் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. சாவி நம் வடஆற்காட்டுக்காரர், மாம்பாக்கத்தில் 1916-இல் பிறந்தவர். இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பக்கத்து எழுத்தாளர் என்று மு.வ.வைச் (மு. வரதராசனை) சொல்கிறோம், சரி, சொல்ல வேண்டியதுதான். சாவியையும் அதே குரலில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உட்கார்ந்து யோசித்தபோது மூன்றுக்கும் பொதுவாக ஒன்று பிடிபட்டது. மூன்றுமே வாரப் பத்திரிகைக்காக எழுதியவை. வாசகர் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வருவார், நடுவில் ஆயிரம் வேலை இருக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரு தடவைக்குக் கொடுப்பது சில பக்கம்தான். மறந்துபோனவரையும் அடுத்த வாரம் நாலு வரியில் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ரயிலில் படிப்பதும் அப்படித்தானே? டிக்கெட் பரிசோதகர் வருவார், காபி வரும், எதிர் சீட்டு அம்மா எந்த ஊர் என்று கேட்பார். இந்தத் தொந்தரவையெல்லாம் தாங்கும்படி செய்த கதைகள் இவை. ரயிலுக்குப் பக்க எண்ணிக்கையை விட அத்தியாய நீளம்தான் முக்கியம் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன்.

சாவியையும் சாம்புவையும் எடுத்துக்கொண்டேன். அப்புசாமி அடுத்த முறை. இரண்டுமே கனமில்லாதவை, ஒரு கையில் பிடிக்கலாம். மறு கை முறுக்குக்கு வேண்டும்.

மே 8, வியாழன்

பையனுக்கு லயன் காமிக்ஸ், லக்கி லூக் ஒன்று. குதிரை பேசுவதற்காகவே படிக்கிறான். இன்றைக்கே முடித்துவிடாமல் ஒளித்துவைத்திருக்கிறேன்.

"பஸ்ல படிச்சா வாந்தி வருதே, ரயில்ல வராதா?" என்று கேட்டான். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள்ளே இருக்கும் உறுப்போ உடம்பு ஆடுவதைச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் என்று சொன்னேன். ரயில் திடீர் திடீரென்று திரும்பாது, அதனால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஏலகிரி பஸ்ஸில் புத்தகமே கூடாது. 14 கொண்டை ஊசி வளைவு. அங்கே வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகைகளை வாசித்துக்கொண்டே ஏறினால் போதும்.

மே 10, சனி

ரயிலில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

குடியாத்தம் வரை அத்தை பக்கத்து சீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னா புஸ்தகம்டி அது? எனக்கும் படிச்சுக் காட்டு, கண்ணு செரியாத் தெரியல" என்றார். சாவியின் வாஷிங்டனில் திருமணத்தை மெதுவான குரலில் ஆரம்பித்தேன்.

கதை இதுதான்: அமெரிக்கப் பணக்கார அம்மாள் ஒருவர், ராக்பெல்லர் குடும்பத்தவர், தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றை அதன் அத்தனை சடங்கோடும் பார்க்க ஆசைப்படுகிறார். செலவு முழுக்க அவருடையது, இடம் வாஷிங்டன். இங்கிருந்து சமையல்காரர்கள், சாஸ்திரிகள், அப்பளம் இடும் பாட்டிகள் எல்லாம் விமானம் ஏறுகிறார்கள். 1963-இல் விகடனில் தொடராக வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சாவி யாரையும் கேலிப்பொருளாக்கவில்லை என்பது. அந்த அமெரிக்க அம்மாள் ஒவ்வொரு சடங்கையும் பயபக்தியோடு கேட்கிறார். நம் பாட்டிகள் அப்பளத்துக்கு வெயில் போதுமா என்று உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். எல்லோரும் அவரவர் காரியத்தில் தீவிரமாக இருக்கிறார்கள், சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. யாரையும் மட்டம் தட்டாத நகைச்சுவை என்பதால் பொது இடத்தில் கூச்சமில்லாமல் சத்தமாகப் படிக்க முடிகிறது. இதையும் பயணப் புத்தகத்துக்கு ஒரு தகுதியாகச் சேர்க்க வேண்டும்.

வாணியம்பாடி தாண்டியதும் கதையில் ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வந்தது. அத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளைய எதுக்குடி ஊர்வலம் வுடணும்? நம்ம பக்கம் பொண்ணழைப்புதானே பெரிசு?"

அது அவர்கள் வழக்கம் அத்தை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று என்றேன். அத்தை விடவில்லை. தன் கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு எப்படி நடந்தது, யார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனார்கள், யார் போய்ச் சமாதானம் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜோலார்பேட்டை வந்து போனது. புத்தகம் மடியில் மூடியே கிடந்தது. எனக்குத் தெரியாத எத்தனையோ குடும்பச் செய்தி அந்த அரைமணியில் கிடைத்தது.

ஈரோட்டுக்கு முன்னால் காவிரிப் பாலம். அங்கே எந்தப் புத்தகத்தையும் மூடிவைக்க வேண்டியதுதான். பையன் லக்கி லூக்கை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தவன், அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

மே 11, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. கலவை சாதத்தில் புளியோதரை முதலில் தீர்ந்தது. பெண்ணுக்கு முகமெல்லாம் களை.

சாயங்காலம் அவள் என் பையிலிருந்து சாவியை எடுத்துப் புரட்டிவிட்டு, "சித்தி, இத வெச்சிட்டுப் போங்களேன்" என்றாள். நூலகப் புத்தகம், விட்டுவிட்டு வர முடியாது. இரண்டு அத்தியாயம் படித்துக் காட்டினேன். ஊருக்குப் போனதும் ஒரு பிரதி வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பையிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும்.

சாவி கதையில் முகூர்த்தம் இன்னும் பாக்கி. நாளைக்குத் திரும்புவது ராத்திரி வண்டி, பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வார்கள். அதனால் மதியமே உட்கார்ந்து முடித்துவிட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. அதற்குப் பிறகு வண்டியில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குச் சாம்பு கதை ஒன்று போதும். அதைப் பையில் மேலாக வைத்துவிட்டேன்.