கேத்திலில் படிந்த வெள்ளையும் ஒரு போத்தல் ஷாம்பூவும்

இலண்டனிலிருந்து திரும்பிய அன்று வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் பயணப் பெட்டியைத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு ரோஜா வாசனைதான் வெளியே வந்தது. பாரிஸில் வாங்கிய குளியல் ஜெல் போத்தலின் மூடி எங்கோ நடுவானில் இளகியதால், அதில் மூன்றில் ஒரு பங்கு சொக்லேட் பொதிகளின் மீது ஒழுகியிருந்தது. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தல்களைக் கொண்டுபோகக் கூடாது என்று 2006இல் வந்த விதி இன்னும் பல விமான நிலையங்களில் நடைமுறையில் இருப்பதால், எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள்ளேயே அடுக்க வேண்டியிருந்தது. அடுக்கியவள் நானே என்பதால் யாரையும் குறைகூற வழியில்லை. உறைகளைத் துடைத்து வழக்கம்போலப் பங்கிட்டேன். மச்சாளின் மகன் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "சாப்பிடக் குளிச்ச மாதிரி இருக்கு மாமி" என்றான்.

வாசனைச் சவர்க்காரத்தின் மீது எனக்கு இருக்கும் பற்றுக்குக் காரணம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் சவர்க்காரமும் இருந்தது. அக்காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருக்கிறோம். பனங்களியில் உள்ள சபோனின் வகைச் சேர்மங்கள் நுரையைத் தரும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். அப்போது எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்த ஒரு வெளிநாட்டுச் சவர்க்காரக் கட்டியை அம்மா ஒருநாளும் பிரிக்கவில்லை. அது அலுமாரியில் கூறைச்சேலையின் மடிப்புக்குள் இருந்து, சேலைக்கு மணமூட்டுவதையே தன் தொழிலாகக் கொண்டு, பத்து வருடங்களில் வெடித்துச் சுருங்கிப்போனது. ஆகவே இம்முறை வாங்கியவற்றில் ஒன்றையும் பத்திரப்படுத்துவதில்லை, அனைத்தையும் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்திப் பார்ப்பது என்று முடிவுசெய்திருந்தேன்.

முதலில் ஏமாற்றியது ஷாம்பூ. இலண்டனில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்த மூன்று கிழமையும் அதே லவண்டர் ஷாம்பூவால்தான் தலை முழுகினேன்; இரண்டு முறை உள்ளங்கையில் ஊற்றினால்தான் போதிய நுரை வரும், அலசியதும் முடி துப்புரவாக இருக்கும். கொழும்பில் அதே அளவை ஊற்றிய முதல் நாளில் நுரை நெற்றியைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. எத்தனை கோப்பை தண்ணீர் ஊற்றினாலும் வழுவழுப்புப் போகவில்லை. போத்தலில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். பிறகுதான் அக்காவின் கேத்தில் நினைவுக்கு வந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஓடு போலப் படிந்திருந்ததைக் கண்டு, "இது நம்முடைய ஊர்க் கேத்தில் மாதிரியே இருக்கிறதே" என்று நான் சிரித்திருந்தேன். இலண்டன் நீரும் சுண்ணாம்புப் பாறைகளைத் தொட்டு வரும் கடின நீர், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கடின நீர். கொழும்புக் குழாய்களில் வருவதில் பெரும்பகுதியோ களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படும் மென்னீர். கடின நீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் நுரையைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றைப் பிடித்து வைப்பதற்கென்றே பல ஷாம்பூக்களில் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். கட்டுப்படுத்த ஒன்றும் இல்லாத கொழும்புத் தண்ணீரில் அந்த ஷாம்பூ தன் போக்குக்குப் பொங்கியிருக்கிறது. இப்போது ஒரு தேக்கரண்டி அளவை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துத்தான் தலையில் ஊற்றுகிறேன்; இலண்டனில் ஒரு மாதத்துக்கு வரும் போத்தல் இங்கே மூன்று மாதத்துக்கு வரும் என்பது எதிர்பாராத ஆதாயம்.

இந்த எண்ணம் சரியா என்று பார்க்கவே, பங்குனியில் ஊருக்குப் போனபோது அதே வகையில் இரண்டாவது போத்தலையும் எடுத்துச் சென்றேன். கிணற்றடியில் வாளித் தண்ணீரில் முழுகியபோது அது இலண்டனில் நடந்துகொண்டபடியே நடந்துகொண்டது. ஐரோப்பியக் குளியல் பொருட்களுக்குக் கொழும்பைவிட யாழ்ப்பாணமே சொந்த ஊர் என்று தம்பிக்குச் சொன்னேன், அவன் நம்பவில்லை.

மார்செய் சவர்க்காரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்சின் அந்தத் துறைமுக நகரில் சவர்க்காரம் காய்ச்ச ஒலிவ் எண்ணெயை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பதினான்காம் லூயி மன்னன் 1688இல் ஆணையிட்டான். இன்றும் பழைய முறையில், பெரிய கொப்பரைகளில் நாட்கணக்கில் காய்ச்சிக் கனசதுரமாக வெட்டப்படும் கட்டிகளின் மீது 72 சதவீதம் என்ற எண்ணைப் பதித்திருப்பார்கள். அது எண்ணெயின் அளவைக் குறிக்கும். நான் வாங்கிய கட்டி 300 கிராம், பாசிப்பச்சை நிறம், ஒரு கையால் பிடிக்க முடியாத கனம். வாசனைப் பொருட்களுக்காகவே அலைந்த எனக்கு அதில் வாசனையே இல்லை என்பது முதலில் கசந்தது. மரபான முறையில் அதற்கு மணமோ நிறமோ சேர்ப்பதில்லை. பக்கத்திலேயே ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அடுக்கியிருந்த மணமுள்ள சிறு கட்டிகளின் மீதும் அதே ஊரின் பெயர்தான் இருந்தது. அவற்றிலும் ஒன்றை வாங்கினேன். அந்த லவண்டர் கட்டி கொழும்பின் ஈரத்தில் இரண்டு கிழமைக்குள் கூழாகித் தன் மணத்தையும் இழந்தது. பச்சைக் கட்டி அசையவில்லை. சிரட்டையில் துளையிட்டு அதன் மேல் வைத்திருக்கிறேன். பதிந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன, விளிம்புகள் கூழாங்கல் போல உருண்டுவிட்டன, தோய்த்துக் காய்ந்த வேட்டியின் மணம் போன்ற ஒன்று குளித்த பிறகு கையில் தங்குகிறது.

நீரில் போட்டால் பொங்கிக் கரையும் குளியல் உருண்டையை, 1989இல் இங்கிலாந்தில் மோ கொன்ஸ்டன்டைன் என்ற பெண்மணி உருவாக்கினார். பின்னர் லஷ் என்ற குளியல் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சோடியம் பைகார்பனேற்றும் சிற்றிக் அமிலமும் தண்ணீர் பட்டதும் வினைபுரிந்து காபனீரொட்சைட்டை வெளிவிடுவதே அந்தப் பொங்கல். அதை ஆங்கிலத்தில் 'குண்டு' என்றே அழைக்கிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதன் பெயரை உரத்துச் சொல்லாமல் இருந்தது புத்தி. நான் வாங்கியது வேறொரு சிறு கடையில். எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. பாதியாக உடைத்து வாளியில் போட்டேன். சீறிப் பொங்கி நீல நிறமாகி, ஒரு நிமிடத்தில் அடங்கியது. ஆறு கோப்பையில் முடிந்துபோன நீலக் குளியல் அது. மீதிப் பாதியை ஒரு தட்டில் வைத்து மறந்துவிட்டேன். நான்காம் நாள் பார்த்தால், தண்ணீர் படாமலே காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மேலெல்லாம் பரு வெடித்தது போலப் பொரிந்து, இருமடங்காக வீங்கியிருந்தது.

உடலுக்குப் பூசுபவற்றின் கதை வேறு. தை மாதத்தில் அக்காவின் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கல்லாக உறைந்து, சூடாக்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது இறுகிவிடும். கொழும்பில் அது உறைந்து நான் கண்டதேயில்லை. அந்தக் குளிரையும் வறட்சியையும் எண்ணிச் செய்த ஷீயா வெண்ணெய்ப் பூச்சு, வெள்ளவத்தைப் புழுக்கத்தில் தோலுக்குள் போக மறுத்து வியர்வையோடு கலந்து பளபளத்தது. குளிர்சாதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாணுக்குப் பூசலாமா என்று வீட்டுக்காரர் கேட்டதோடு அது குதிக்காலுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

ரோஜா மணமுள்ள ஒரு பூச்சு மட்டும் உண்மையான தொல்லை தந்தது. மூன்றாம் நாள் முழங்கையின் உட்புறம் சிவந்து அரித்தது. அதன் பின்தான் பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன். பூசி அப்படியே விடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேலும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேலும் இருந்தால், ஒவ்வாமை தரக்கூடிய குறிப்பிட்ட மணப்பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஜெரானியோல், சிற்றொனெல்லோல், லினலூல் என்று என் போத்தலில் வரிசையாக இருந்தன. நம்முடைய கறுவாவின் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைட்டும் அந்தப் பட்டியலில் அடங்கும் என்பதைப் படித்தபோது, சொந்தக்காரரின் பெயரைப் பொலிஸ் அறிவித்தலில் கண்டது போலிருந்தது. லினலூல், லிமொனீன் போன்றவை காற்றுப் பட்டு ஒட்சியேறும்போது இன்னும் கடுமையாகும். நானோ போத்தலை மேற்கு வெயில் அடிக்கும் யன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். இப்போது எல்லாம் அலுமாரிக்குள். லேபிளில் திறந்த டப்பாவின் படத்துக்குள் 12 என்று இருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள் என்பதால், திறந்த திகதியையும் ஒவ்வொன்றின் அடியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மணம் நிற்பதைப் பொறுத்தவரை, தேசி, தோடை, பெர்கமொட் போன்ற புளிப்பு வாசனைகள் எளிதில் ஆவியாகிவிடுவதால், வெக்கையில் காலி வீதி பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் விடைபெற்றுவிட்டன. மாலைவரை நின்றது ஒன்றே ஒன்று. பாரிஸ் கடைக்காரப் பெண் அதை 'வெத்திவேர்' என்று அழகாக உச்சரித்து நீட்டியபோது, அது எங்கள் சொல் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. தமிழிலிருந்து போன அந்தச் சொல்லையும், இன்று பெருமளவு ஹெயிட்டியில் விளையும் அந்த வேரின் எண்ணெயையும் 14 யூரோ கொடுத்து வாங்கி வந்தேன். எளிதில் ஆவியாகாத கனத்த எண்ணெய் அது. வெயிலுக்குப் பழகிய வேர் வெயிலில் நிற்கத்தானே செய்யும். ஒப்பிட்டுப் பார்க்கப் புறக்கோட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 'செவெந்தரா' என்று சிங்களத்தில் கேட்டு ஒரு பிடி வேர் வாங்கினேன். வேரை நனைத்தால் முதல் மழையில் முற்றம் மணப்பது போல மண் வாசம். பாரிஸ் போத்தலில் மண்ணைக் கழுவிவிட்டுப் புகையை மட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் பிடித்திருக்கிறது, அன்றாடத்துக்கு வேர், கலியாண வீட்டுக்குப் போத்தல்.

ஊரில் விட்டுவந்த ஷாம்பூவை அம்மா இரண்டு மாதத்தில் முடித்துவிட்டார். போத்தலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, சனிக்கிழமை முழுக்குக்கான நல்லெண்ணெயை அதில் ஊற்றி வைத்திருக்கிறாராம். எத்தனை தடவை கழுவியும் லவண்டர் போகவில்லை, எண்ணெய் வைத்தால் ஊர்க்காரர் மணந்து பார்க்கிறார்கள் என்று நேற்றுத் தொலைபேசியில் முறைப்பட்டார்.