அப்பாவும் ஸ்பீச் தெரபியும்

அப்பாவுக்கு பிபி எகிறி மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கசிவு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியதும் ஸ்பீச் தெரபிஸ்ட் வருவார் என்றார்கள். வந்த மேடம் பேச்சைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி, இருமச் சொல்லி, நிமிர்த்தி உட்காரவைத்து, அரை ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலைதானாம். தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம், சிலருக்கு இருமல்கூட வராமலே போய்விடும் என்பதால் சாப்பாடு போகும் மூக்கு டியூப் இருக்கட்டும் என்றார். அத்தை ஆசையாக வாங்கி வந்த இளநீரை நர்ஸ்தான் குடித்தார். டியூப் எடுத்த பிறகும் முதலில் கெட்டியான கஞ்சிதான், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

பேச்சுக்கு வந்தால், எதைக் கேட்டாலும் "வா வா" மட்டும்தான். இதற்குப் பெயர் அபேசியா, அறிவு மங்கிவிட்டதாக நினைக்காதீர்கள் என்றார் மேடம். 1861-லேயே பாரிஸில் புரோக்கா என்ற டாக்டரிடம் "டான்" என்பதைத் தவிர கிட்டத்தட்ட வேறெதுவும் பேச முடியாத ஒரு நோயாளி இருந்தாராம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். அது தெரிந்ததும் மேடம் "கிண்டி, சைதாப்பேட்டை..." என்று இழுத்து நிறுத்தினார். "நந்தனம்" என்றார் அப்பா! அம்மா அழுதுவிட்டார். மேடம் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. கிழமை, எண்கள், பாட்டு மாதிரி வாய்க்குப் பழகிய வரிசை தானாக வரும், தண்ணீர் வேண்டும் என்று கேட்பது வேறு, அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும் என்றார். அப்படியேதான் ஆனது.

எங்களுக்கும் பாடம் நடந்தது. டிவியை அணைத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், வார்த்தையை நாமே பிடுங்கிச் சொல்லக் கூடாது. அவர் "ஆமா" என்றாலும் சில சமயம் "இல்லை" என்று அர்த்தம், அதனால் பொருளையோ படத்தையோ காட்டிக் கேட்பதுதான் சரி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள்தான் தொல்லை, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று காதருகே கத்துவார்கள், காதில் ஒரு கோளாறும் இல்லாத மனுஷனிடம்.

இப்போது இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறார், பெயர்கள் இன்னும் சிக்குகின்றன. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகி, டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி மட்டும் இருந்தால், ஸ்பீச் தெரபியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.